‘சீ’ போட்ட கடிதம்

கழகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மிரட்டல் இல்லை, குறை இல்லை. நாலே வரி. ஆனாலும் வாசித்து முடிக்க முன்னமே எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

என்ன கழகம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எல்லாரையும் போல நீங்களும் உதைபந்து என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். நான் விளையாடியது அமெரிக்கன் ஃபுட்போல். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், முட்டை வடிவத்தில் ஒரு பந்து, அதைக் கையால் எறிய வேண்டும். இங்கே ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால் வருடா வருடம் யாராவது ஒரு மாமா, "தம்பி இன்னும் அந்த றக்பிதானோ விளையாடுறீர்?" என்று கேட்பார். விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் "ஓம் மாமா, றக்பிதான்" என்று விட்டுவிட்டேன்.

கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்துக் கழகம் அது. நாங்கள் எல்லாரும் வேறு வேலை பார்க்கிற ஆட்கள். கிழமை நாட்களில் நான் லிப்ட் திருத்துகிறவன், சனி ஞாயிறுகளில் குவாட்டர்பேக், அணிக்குக் கப்டனும் நான்தான். அதாவது, பந்து முதலில் என் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று மூன்று விநாடிக்குள் நான் தீர்மானிக்க வேண்டும். அந்த மூன்று விநாடியும் எதிரணிக்காரன் என்னை மிதித்துப்போடாமல் இருக்க, எனக்கு முன்னால் ஐந்து தடியன்கள் மதிலாக நிற்பார்கள்.

அந்த ஐந்து பேரில் இடப்பக்கக் கடைசியில் நின்றவன்தான் இந்தக் கதையின் மற்ற ஆள். நான் வலக்கையால் எறிகிறவன். எறியத் திரும்பினால் இடப்பக்கத்திலிருந்து எவன் வருகிறான் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குருட்டுப் பக்கத்தை அவன்தான் பதினொரு வருடம் காத்தான். எனக்காக நின்று அவனுக்கு இரண்டு விரல் முறிந்தது. அவனுடைய கல்யாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். என் மூத்தவள் பெரியவளானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு அவன் வேட்டி கட்டி வந்தான். அது இடுப்பில் நிற்கவில்லை என்று மேலே பெல்ட் போட்டுக்கொண்டு பந்தியில் இருந்தான். முழங்கால் போனபிறகு விளையாட்டை விட்டான். போன இலையுதிர்காலத்தில் கழகத்துக்குத் தலைவராகத் தெரிவானான். நிர்வாகம் என்றால் இனி அவன்.

அன்றிலிருந்தே எனக்குச் சில விஷயங்கள் பிடிபடவில்லை. பயிற்சியாளர் திடீரென்று என் தோள்மூட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். பத்து வருடமாக அந்த மனிதர் என் தோளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஐஸ் பையைத் தூக்கி எறிவார், அதோடு சரி. இப்போது குரலைத் தாழ்த்தி, "இரவில் நோகிறதா? நித்திரை வருகிறதா?" என்று கேட்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பிறகு, பந்தும் கவசங்களும் வைக்கிற கொன்டெய்னரைப் பூட்டுகிற திறப்பு. அது பன்னிரண்டு வருடமாக என் கார்த் திறப்போடு கிடந்தது. இன்னொன்று வெட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமையே திருப்பித் தந்தார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் தேவைப்படாத இரண்டாவது திறப்பு இப்போது யாருக்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாலே நகரத்திலிருந்து வந்த ஒருத்தன். இருபத்திரண்டு வயது, ஆறடி மூன்று அங்குலம். குளிர்காலத்தில் எங்களுக்கு மண்டபத்துக்குள்தான் பயிற்சி. ஒரு நாள் போனால் இவன் தூர மூலையில் நின்று எறிந்துகொண்டிருக்கிறான். யாரும் அறிமுகம் செய்யவில்லை. தலைவராகிவிட்ட என் சிநேகிதனிடம் கேட்டேன். "இங்கே படிக்க வந்திருக்கிறான், சும்மா எறிந்து பார்க்கிறான்" என்றான். சும்மா எறிகிறவன் அப்படி எறியமாட்டான். அந்தப் பந்து சுவரில் பட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துபோனேன்.

லிப்டில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் கழற்றிப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போகமாட்டேன். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் கழற்றிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. சத்தத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இன்னும் ஓர் ஆட்டப் பருவம், முதல் ஆளாக. அது முடிந்ததும் நானாகவே ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பேன். இன்னொருத்தன் வந்து கழற்றக் கூடாது. அகதிகளாக வந்த என் அப்பா அம்மா இந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கலாம், எத்தனை மாதம் இருக்கலாம், வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதையெல்லாம் அரசாங்கக் கந்தோர்க்காரர்கள்தான் தீர்மானித்தார்கள். எப்போது நிறுத்துவது என்ற இந்த ஒரு விஷயத்தையாவது நான் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம் எனக்கு இருந்தது. அதை வைராக்கியம் என்றும் சொல்லலாம், திமிர் என்றும் சொல்லலாம்.

அப்படியிருக்கும்போதுதான் கடிதம் வந்தது. "பெருமதிப்புக்குரிய திரு இன்னார் அவர்களுக்கு" என்று தொடங்கியது. கழகத்தில் தங்களுடைய எதிர்காலம் குறித்துத் தங்களுடன் நேரில் உரையாட நிர்வாகக் குழு விரும்புகிறதாம். தங்களுக்கு வசதியான ஒரு தெர்மினை, அதாவது நாளையும் நேரத்தையும், தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்பார்களாம். கீழே அவனுடைய கையெழுத்து.

டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ‘டூ’ என்றால் நீ, ‘சீ’ என்றால் நீங்கள். கழகத்துக்குள் எல்லாரும் எல்லாருக்கும் ‘டூ’தான், பதினாறு வயதுப் பெடியனும் எழுபது வயதுக் கிழவரை ‘டூ’ என்றுதான் கூப்பிடுவான். எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது, ஏறி இறங்க இடம் உண்டு. டொச்சில் இரண்டே படி. பதினொரு வருடம் ‘டூ’ சொன்னவன் ஒரு நாள் ‘சீ’ என்றால், உன்னை எனக்குத் தெரியாது, வெளியே நில் என்று அர்த்தம். அந்தச் சொல் தமிழ்க் காதில் ‘சீ’ என்றே விழுவதும் அன்றைக்குப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

கடிதம் வாசிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயதிலிருந்து குசினி மேசையில் இருந்து அப்பாவுக்குக் கந்தோர்க் கடிதங்களை மொழிபெயர்த்தவன் நான். நாட்டை விட்டுப் போ என்று எழுதினாலும் ‘பெருமதிப்புக்குரிய’ என்றுதான் தொடங்குவார்கள். மரியாதை கூடக் கூட உள்ளே விஷயம் மோசம்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே கிழவர் கிழவிகளுக்கு நாள் முழுக்க ‘சீ’தான். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"மரியாதையாத்தானே எழுதியிருக்கினம்."

"மரியாதைதான் பிரச்சினை."

"அப்ப ஆளுக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேளுங்கோவன். உங்கட சிநேகிதன்தானே."

"நான் ஏன் எடுக்க? எனக்கு ‘சீ’ எண்டு எழுதினவனுக்கு நான் கோல் எடுக்கிறதோ?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவோ சொன்னவை" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் மேசையில் இருந்து பதில் எழுதினேன். அணித் தலைமையிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் விலகுகிறேன் என்று இரண்டே வரி. நானும் ‘பெருமதிப்புக்குரிய’ என்று தொடங்கினேன். நானும் ‘சீ’ போட்டேன், எண்ணி நாலு இடத்தில். கந்தோருக்கு எதை அனுப்பினாலும் பதிவுத் தபாலில் அனுப்பு, துண்டைப் பத்திரமாக வை என்பது எங்கள் வீட்டு வேதம். அப்படியே செய்தேன். அவர்கள் என்னைத் துரத்த முன்னம் நானே போய்விட்டேன் என்று தபால் கந்தோர் வாசலில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு முட்டாள் சந்தோஷம்.

வியாழக்கிழமை மாலை அவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "நாளை ஆறு மணி. கழக வீடு." அவ்வளவுதான். அதில் ‘டூ’வும் இல்லை, ‘சீ’யும் இல்லை.

போனேன். அவனுடைய கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன், எதற்கும் அத்தாட்சி இருக்கட்டும் என்று. மேசைக்கு அந்தப் பக்கம் அவனும் பயிற்சியாளரும் இருந்தார்கள். ஓரமாக, மடிக்கணினியோடு எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. இங்கேயே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். எங்கள் ஆட்டங்களுக்குக் கமராவோடு வந்து படம் எடுப்பாள். இங்கே என்ன செய்கிறாள் என்று பார்த்தால், நிர்வாகக் குழுவின் புதிய செயலாளராம். இலையுதிர்காலக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி லிப்ட் இடையில் நின்றுவிட்டது. அதனால் எனக்குத் தெரியாது.

அவன் டொச்சில் பேசியதை என் தமிழிலேயே எழுதுகிறேன். என் பதிவுத் தபாலை மேசையில் என் பக்கம் தள்ளினான்.

"பதினொரு வருஷம் உன்ர முதுகைப் பாத்தவன் நான். எனக்கு நீ ‘சீ’ எண்டு எழுதினனி."

"தொடங்கினது நீ."

"நானோ? எப்ப?"

பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவன் முன்னால் விரித்தேன். வாசித்தான். முகம் மாறியது. திரும்பவும் வாசித்தான்.

"இது நான் எழுதினதில்லை."

"கையெழுத்து?"

"அண்டைக்கு முப்பது கடிதம் இருந்தது. இடத்தைப் பாத்துப் பாத்து வைச்சுக்கொண்டு போனன்."

நல்ல கதை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது ஓரத்திலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது.

"அண்ணை, அதை நான்தான் எழுதினனான்."

எல்லாருக்கும் ஒரே மாதிரியான கடிதமாம், வருகிற பருவத்தைப் பற்றிக் கதைக்க. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் ‘டூ’ போட்டே எழுதினாளாம். "உங்களுக்கு எழுதேக்க மட்டும் கை வரேல்லை. வீட்டில உங்களை அண்ணை எண்டுதான் கதைக்கிறனாங்கள். அண்ணைக்கு எப்பிடி ‘டூ’ போடுறது?" என்றாள். ஜேர்மன்காரர்கள் இருவரும் விளங்காமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொச்சில் சொன்னேன். பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

என் சிநேகிதன் ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். வரும் பருவத்துக்கான அணி. குவாட்டர்பேக் என்ற இடத்தில் முதலாவது என் பெயர். இரண்டாவது ஹாலேக்காரன். பக்கத்தில் என் சிநேகிதனுடைய கோழிக் கிறுக்கலில், "ஒரு வருடம் இவனுக்குப் பின்னால் நின்று பழகட்டும்." அந்த நேரத்திலும் என் கண் தாளின் அடியில் தேதியைத்தான் தேடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தேதி இருந்தது. எனக்குக் கடிதம் எழுதியதற்கு முதல் நாள்.

"அப்ப இப்ப என்ன?" என்று கேட்டேன்.

"உன்ர கடிதம் புதன்கிழமை வந்தது. அந்தப் பெடியனை வேற கழகமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வியாழன் காலமை நான் அவனுக்கு வாக்குக் குடுத்திட்டன், இனி அவன்தான் முதல் ஆள் எண்டு."

"ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

"நீ ‘டூ’ எண்டு எழுதியிருந்தாப் பொறுத்திருப்பன். கோபத்தில எழுதியிருக்கிறான், நாளைக்கு வருவான் எண்டு நினைச்சிருப்பன். ‘சீ’யைக் கண்டாப் பிறகுதான் உண்மையா விட்டுப் போறாய் எண்டு நம்பினனான்."

அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். இரண்டாவது ஆளாக நில் என்றான். பயிற்சியாளருக்கு உதவியாக வா என்றான். அந்தப் பெடியனுக்குக் கொடுத்த வாக்கை மீறு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவதாக நிற்கவும் மனம் வரவில்லை. "எனக்கு ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவனுக்கு அது விளங்கியது.

வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பிள்ளை பின்னால் ஓடி வந்தாள்.

"அண்ணை, நான் பிழையா எழுதிப்போட்டனோ?"

வாய் நிறைய ஏச்சு வைத்திருந்தேன். யாரையாவது ஏசாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. ஆனால் அவள் செய்த குற்றம்தான் என்ன?

"இல்லைப் பிள்ளை. நீர் வடிவாத்தான் எழுதினீர். நான்தான் ஒழுங்கா வாசிக்கேல்லை."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கூட்டக் குறிப்பில உங்களைப் பற்றி ஒரு வரி எழுதவேணும், அண்ணை. என்னெண்டு எழுத?"

"சொந்த விருப்பத்தில் விலகினார் எண்டு எழுதும்."

"அப்பிடியே எழுதட்டோ?"

"ஓம். நான்தானே தீர்மானிச்சனான்."

அவள் "சரி அண்ணை" என்று சொல்லி உள்ளே போனாள். நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதேன்.