செந்துறை முந்திரித் தோப்பில் ஒரு சிவப்புப் புள்ளி

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும். பெரம்பலூரில் என் மிக்சி ரிப்பேர் கடைக்கு அன்று லீவு. எந்த பஸ்ஸில் ஏறலாம் என்று புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை யோசித்துக்கொண்டிருந்தபோது செந்துறைப் பக்கமிருந்து மச்சான் செல்வராசு, என் வீட்டுக்காரியின் தம்பி, போன் செய்தார்.

“மாமா, நம்ம முந்திரித் தோப்பு மேல செவப்புப் புள்ளி விழுந்துடுச்சு.”

“அம்மை போட்டிருக்கும். வேப்பிலை கட்டுய்யா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் விழுந்த புள்ளியாம். மரம் குறைந்த இடத்தில் அப்படி வைப்பார்களாம். தோப்பு காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. காடுகளைக் கண்காணிக்கும் சென்னைக் குழு ஒன்றிலிருந்து ஒரு மேடம் மறுநாள் நேரில் பார்த்து ‘காட்டை வெட்டியிருக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டால், வனத்துறை வந்து எல்லையை மறுபடி அளக்கும். ஓரத்து வரிசைகள் போய்விடும் என்று பயந்தார். அவர் குடும்பத்துக்கு அந்தத் தோப்பை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. “நீங்க கூட வந்து நில்லுங்க மாமா, போதும்” என்றார்.

காலை ஆறே காலுக்கு பெரம்பலூரில் அரியலூர் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கால் மணி கூடும். மாட்டினோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஏன்ணே எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றீங்க? நீங்க நின்னா வண்டி முன்னாடி போயிடுமா?” என்றார் கண்டக்டர்.

“போகாதுதான். உக்காந்தா பின்னாடி போற மாதிரி இருக்கே” என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இட்லி, டீ. அங்கிருந்து செந்துறை இருபது கிலோமீட்டர்தான். பஸ் நிற்கும் இடத்திலேயே மச்சான் பைக்கோடு நின்றார். சவரம் செய்யாத முகம். வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். “ரோட்டப் பாருய்யா, புள்ளி நம்ம மேல விழுந்துடப் போவுது” என்றேன்.

தோப்பில் மேடம் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். பெயர் மீனா, சின்ன வயது. மச்சானைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, இது என்ன பந்தல்?”

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஓரத்து வரிசைகள் முழுக்கப் பச்சை வலை. நாற்றங்காலில் நிழலுக்குக் கட்டுவார்களே, அந்த வலை. மச்சான் மெதுவாகச் சொன்னார். ஆடியில் கிழட்டு மரங்களை புதிதாகத் துளிர்க்கட்டும் என்று இடுப்பளவு விட்டுக் கவாத்து வெட்டினாராம். ஆவணியிலேயே புள்ளி விழுந்த சேதி வந்ததும், மேலேயிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியட்டும் என்று நர்சரிக்காரரிடம் வலை வாங்கி மூடிவிட்டாராம்.

“வானத்துக்கே பச்சை காட்டினியா!” என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மச்சான் கண்கலங்கி நின்றதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மீனா பொறுமையாகச் சொன்னார்: “படம் ஐரோப்பாக்காரங்க செயற்கைக்கோள் எடுக்குதுண்ணே. யார் வேணா காசில்லாம பாக்கலாம். பிரேசில்ல ஒரு குழு அதைப் பாத்துப் புள்ளி வைக்குது. அதுக்குப் பதிலா அவங்க காட்டுப் படத்தை நாங்க இங்கேருந்து பாத்துச் சொல்லுவோம். ஆனா புள்ளி நிஜமான்னு அந்தந்த ஊர்ல நடந்து போய்த்தான் பாக்கணும். உசுருள்ள இலை, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக் அப்படி அனுப்பாது. நீங்க மூடின பிறகுதான் புள்ளி இன்னும் அழுத்தமா ஆச்சு.”

“அப்ப என் கதை முடிஞ்சுதா மேடம்?”

“வலையை எடுங்க, பாப்போம்.”

மூவருமாகக் கயிறுகளை அவிழ்த்து இழுத்தோம். ஒவ்வொரு கட்டையிலும் செம்பு நிறத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர். வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்திருந்ததே தவிர, ஒரு மரம்கூடச் சாகவில்லை. தன் பக்கத்துச் சாட்சியைத் தானே மூடி வைத்திருக்கிறார் மனுசன்! மீனா ஒவ்வொரு கட்டையையும் போட்டோ எடுத்தார். எல்லைக் கல்லையும் பார்த்தார். வெட்டினது கல்லுக்கு இந்தப் பக்கம்தான்.

“வெட்டி அழிக்கல, கவாத்துன்னு எழுதிடறேன். ஆனா மேகம் இல்லாத ஒரு படம் வந்து, பிரேசில்காரங்களும் ஒத்துக்கணும். அப்புறம்தான் புள்ளி போகும்” என்றார்.

புரட்டாசியில் மேகம் இல்லாத நாளா? அங்கே ஆரம்பித்தது மச்சானுக்கு அடுத்த அவஸ்தை. தினமும் போன். “இன்னிக்கும் மூடிக்கிச்சு மாமா.” மழைக்கு ஏங்குகிற சீமையில், மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

போக நினைப்பவர்களுக்கு: பெரம்பலூரிலிருந்து செந்துறை வரை பஸ் செலவு அறுபது ரூபாய்க்குள் அடங்கும். காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் தோப்பில் நடக்க முடியாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், முள் ஏறும். பங்குனி, சித்திரையில் போனால் முந்திரிப்பழ வாசனை ஊரையே தூக்கும். தோப்புக்குள் நுழையுமுன் உரிமையாளரைக் கேளுங்கள். அப்புறம் ஒன்று: மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் எதையும் போட்டு மூடாதீர்கள்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

“மாமா, புள்ளி போயிடுச்சு! மேடம் படம் அனுப்பிட்டாங்க.”

“எங்கய்யா இருக்க?” என்றேன்.

“தோப்புலதான்.” குரலைத் தாழ்த்தினார். “மாமா, இன்னிக்கு வானம் வேற தெளிவா இருக்கு. நான் செவப்புச் சட்டை போட்டுட்டு வந்துட்டேன். ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஆவும். ஒடனே கழட்டு” என்றேன்.

கழற்றிவிட்டார் போல. போனை வைக்கும் வரை வெற்றுடம்பில் கொசு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.