எதிரிக்குக் கொடுத்த ஒரு புள்ளி

தகரத்தின் மேல் துப்பி, மேல்கோட்டின் கையால் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள் டிம்ப்னா. எண் பளிச்சென்று தெரிந்தால் அது இடப்பக்கக் குவியலுக்குப் போகும். தெரியாவிட்டால் இன்னொரு துப்பல். பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது. அதை அவள் நாய் குடிக்கிறது. "தண்ணி பட்டா துரு ஏறிடும்" என்கிறாள், கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு.

க்ளூன்பெக் என்ற தேவாலயப் பங்கில், கேய்லிக் எனப்படும் ஐரிஷ் கால்பந்து ஆடும் மைதானத்தில், கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டிய மேட்டில் நிற்கிறது அவளுடைய ஸ்கோர் பலகை. இரண்டு பழைய தந்திக் கம்பங்கள், நடுவே ஒரு கறுப்புப் பலகை, அதில் நான்கு ஆணிகள். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் தூக்கியும் ஓடலாம், ஆனால் இடையில் தட்டாமல் நாலு அடிக்கு மேல் போகக் கூடாது. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தால் ஒரு புள்ளி; கீழே வலைக்குள் புகுந்தால் கோல், அது மூன்று புள்ளிக்குச் சமம். ஒவ்வோர் அணிக்கும் கோல் எண்ணின் தகரத்தை ஓர் ஆணியிலும் புள்ளி எண்ணின் தகரத்தை இன்னோர் ஆணியிலும் மாட்ட வேண்டும். கூட்டிப் பார்த்துக்கொள்வது பார்க்கிறவர் பாடு.

பாஸ்டனில் போய் வசதியாகிவிட்ட ஊர்க்காரர் ஒருவர் மின்சாரப் பலகை வாங்கித் தருவதாகச் சொன்னார். "மழையில அதுக்கு ஏணி புடிக்கிறது யாரு?" என்று கேட்டாள் டிம்ப்னா. கேள்வி யாருக்கும் புரியவில்லை. ஆனால் கேட்ட குரலில் கமிட்டி அந்தப் பேச்சையே விட்டுவிட்டது. இத்தனைக்கும் அவள் ஏணியை யாரும் பிடிக்க முடியாது. உதவலாமென்று கைநீட்டியவர்கள் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "எடு கையை. நீ புடிச்சாத்தான் அது ஆடும்."

வாரநாட்களில் மாட்டுச் சந்தையில் எடை மேடை அவள் பொறுப்பு. நான்கு மாவட்டத்து மாட்டு வியாபாரிகள், பெற்ற தாய் சொன்னாலும் நம்பாதவர்கள், டிம்ப்னா சொன்ன எடைக்கு மறுபேச்சுப் பேசுவதில்லை. அதே வியாபாரிகள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்ததும் அவள் பலகையை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். காரணம், கிளப்பின் வரலாறு.

அந்த வரலாறு நீளமானது, ஆனால் கனம் குறைவு. நூறு ஆண்டுக்கும் முன்னால், பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் நடந்த ஒரு சண்டையில் கிளப் பிறந்தது. சண்டை எதைப் பற்றி என்று யாருக்கும் நினைவில்லை; பக்கத்துப் பங்கான ட்ரம்கீல்காரர்கள்தான் தொடங்கினார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முதல் மைதானம், பங்குத்தந்தையின் காளை மேய்ந்த வயல். அந்த நாளில் க்ளூன்பெக்கின் முன்வரிசைக்கு மாவட்டத்திலேயே வேகமானவர்கள் என்று பெயர். ஐம்பதுகளில் ஒரே வசந்தத்தில் பாதி அணி பிழைப்புத் தேடிக் கப்பலேறிவிட்டது. ஆள் போதாமல் இரண்டு ஆண்டு ட்ரம்கீலோடு சேர்ந்து ஒரே சட்டையில் ஆடினார்கள். இதை இரண்டு ஊரிலும் வாய்விட்டுச் சொல்வதில்லை, குடும்பத்தில் ஒருவர் சிறைக்குப் போய் வந்ததைப் போல. மற்றபடி தோல்விகள். மழையில், காற்றில், நடுவரால், அபூர்வமாகத் திறமைக் குறைவால்.

வென்றது ஒரே ஒரு கோப்பை. ஏரிக்கரைப் பங்குகளின் கோப்பை, எண்பத்தொன்றில், இதே மைதானத்தில், ட்ரம்கீலுக்கு எதிராக. அன்றைக்குத்தான் டிம்ப்னா முதல்முறையாகப் பலகை ஏணியில் ஏறினாள். அவளுக்கு இருபது வயது.

நடந்தது இதுதான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ட்ரம்கீல்காரன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கம்பத்தடியில் நின்ற, வெள்ளைக் கோட் போட்ட கோல் நடுவர், இல்லை என்று இரண்டு கையையும் அகல விரித்தார். டிம்ப்னா அதைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு எதிரிக்கு ஒன்று கூட்டி மாட்டிவிட்டாள். கடைசி நிமிடத்தில் கோலுக்கு நேர் எதிரே ட்ரம்கீலுக்கு ஒரு ஃப்ரீ கிக். உண்மையில் அவர்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், கோல் போட்டால்தான் பிழைக்க முடியும். ஒன்றுதான் என்றது பலகை. உதைக்க வந்தவன் மேனஸ் டோலன், இருபத்திரண்டு வயது, தலை நிறைய முடி. பலகையைப் பார்த்தான், சிரித்தான், பந்தைக் கம்பத்துக்கு மேலே பூப்போல் தட்டி அனுப்பினான். சமம், மறு ஆட்டம் என்று அவன் கூட்டாளிகளின் தோளில் ஏறி ஆடிக்கொண்டிருக்கும்போது, க்ளூன்பெக் ஒரு புள்ளியில் வென்றதாக நடுவர் அறிவித்தார்.

"திருடிட்டா" என்றது ட்ரம்கீல்.

"உங்களுக்கு ஒரு புள்ளி இனாமாக் குடுத்தவளையா திருடிங்கிறீங்க?" என்றது க்ளூன்பெக்.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மதுக்கடையில் மூன்று கட்சி. வேண்டுமென்றே செய்தாள் என்பது ஒன்று. தெரியாமல் செய்தாள் என்பது இன்னொன்று. மேனஸின் முடி மேல் அவளுக்கு ஒரு கண், அதனால்தான் புள்ளியை வாரிக் கொடுத்தாள் என்பது மூன்றாவது. இது இரவு ஏற ஏறப் பலப்படும். டிம்ப்னா சொல்வது ஒரே பதில்தான்: "வெயில் கண்ணுல அடிச்சுது." க்ளூன்பெக்கில், அக்டோபர் மாதத்தில், வெயில் அடித்தது என்பதை ட்ரம்கீல் இன்றுவரை நம்பவில்லை. க்ளூன்பெக்கும் முழுதாக நம்பியதாகச் சொல்ல முடியாது.

இந்த ஆண்டு அது திரும்பவும் வந்தது. அதே கோப்பை, அதே இறுதி ஆட்டம், அதே இரண்டு ஊர். நாணயம் சுண்டியதில் அதே மைதானம். கிளப் தலைவர் எண்டா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டிம்ப்னா வீட்டு அடுக்களைக்கு வந்தார்.

"டிம்ப்னா, ட்ரம்கீல்ல இருந்து ஒரு ஆளை அனுப்புறாங்களாம். சும்மா உன் பக்கத்துல நிக்க."

"நான் என்ன மாடா? கயித்தை அவுத்துக்கிட்டு ஓடிடுவேன்னு காவல் போடுறாங்களா?"

"எண்ணை மட்டும் சரிபார்ப்பாங்களாம். இல்லேன்னா ஆட வர மாட்டோம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"யாரு வர்றது?"

எண்டா தொப்பியின் உள்பக்கத்தைப் படித்தார். "மேனஸ் டோலன்."

டிம்ப்னா கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தாள். அதில் தண்ணீர் இல்லை. அதை மறுபடி இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "வரட்டும். ஆனா ஒண்ணு, எண்டா. இந்தத் தடவை நாம ஜெயிச்சா அதைப் பத்தி ஒரு பய ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சுத்தமா ஒரு கோப்பை. என் பேர் அதுல எங்கயும் ஒட்டியிருக்கக் கூடாது."

ஞாயிறன்று மேனஸ் மேட்டில் ஏறி வந்தான். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் மெத்தைத் துண்டு, பை நிறைய பெப்பர்மின்ட். முடி போய், தொப்பை வந்திருந்தது. போன ஆண்டு அறுவை செய்து இடுப்பு மூட்டையும் மாற்றியிருந்தான்.

"நீ ஒண்ணும் மாறல டிம்ப்னா."

"நீ மாறிட்டே. அப்பல்லாம் உனக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்க முடியும்."

"இன்னிக்கு வெயில் ஏதும் வர்ற மாதிரி இருக்கா?"

"வாயை மூடிக்கிட்டு எண்ணைப் பாருய்யா."

விசில் ஊதியதும் இரண்டு ஊரும் ஒரே தொண்டையாகக் கத்தின. டிம்ப்னா ஒவ்வொரு தகரத்தையும் மாட்டுவதற்கு முன் அவன் மூக்குக்கு எதிரே நீட்டினாள். "பார்த்துக்கோ. ஏழு. உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயும் ஏழை இப்படித்தானே எழுதுவாங்க?"

"இப்படித்தான். உங்க ஊர்லதான் ஏழை எட்டுன்னு எழுதுவாங்கன்னு கேள்வி."

இடைவேளையில் அவள் பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பிரித்தாள், அவனுக்குத் தரவில்லை. அவன் பெப்பர்மின்ட் நீட்டினான், அவள் வாங்கவில்லை. கீழே பாண்டு வாத்தியக்காரர்கள் நனைந்தபடி ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி சொன்னாரு" என்றான் மேனஸ் திடீரென்று. "நடுக்களத்துல உங்கப்பா மாதிரி ஒரு ஜோடி தனக்கு அமையவே இல்லையாம்."

"அவங்க எங்கே ஜோடியா ஆடினாங்க?"

"அதான்... அந்த ரெண்டு வருஷம்."

இருவரும் சட்டென்று திரும்பி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார்கள். கல்லறைகள் மட்டும்தான் இருந்தன.

இரண்டாம் பாதியில் ஆட்டத்துக்குப் பேய் பிடித்தது. க்ளூன்பெக் ஒரு கோல் போட்டது. டிம்ப்னா ஏணியில் ஏறியது யார் கண்ணிலும் படவில்லை, இறங்கியதைத்தான் பார்த்தார்கள். ட்ரம்கீல் நான்கு புள்ளி எடுத்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. கோயில் பக்கத்துக் கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்து கோட்டின் மேலேயே நின்றது. பங்குத்தந்தை எல்லோரையும் பின்னால் தள்ளுவதாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நின்றார். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம்தான். பலகையில் க்ளூன்பெக் ஒரு கோல் ஒன்பது புள்ளி, ட்ரம்கீல் பதின்மூன்று. கூட்டினால் க்ளூன்பெக் ஒரே ஒரு புள்ளி பின்னால்.

அப்போது ட்ரம்கீல்காரன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, ஓடி, இன்னும் ஓடி, உதைத்தான். கம்பத்துக்கு மேலே போனது. புள்ளிக்கான வெள்ளைக் கொடி ஏறியது.

"அளவுக்கு மேல நடந்துட்டான்! தூக்கிட்டே நடந்துட்டான்!" டிம்ப்னா அடுத்த தகரத்தை உருவிக்கொண்டு நடுவரை நோக்கி ஆட்டினாள். "யோவ் விசில்காரா! அவன் பந்தைத் தூக்கிட்டுச் சந்தைக்கே போயிட்டு வந்துட்டான்யா! உன் கண்ணை எந்தக் கழுதைகிட்ட அடகு வெச்சே?"

அவள் திட்டி முடிக்கவில்லை. க்ளூன்பெக் கோல் காப்பாளன் பந்தைத் தூக்கி அடிக்க, அது காற்றில் ஏறி, மறுமுனையில் க்ளூன்பெக் ஆளின் கையில் விழ, இரண்டு பேர் அவனை இழுத்துச் சேற்றில் தள்ள, நடுவர் விசில் ஊதினார். ஃப்ரீ கிக். கோலுக்கு நேர் எதிரே, கல்லெறியும் தூரத்தில்.

உதைக்க வந்தவன் ஓரன், பால் லாரி ஓட்டுகிறவன். இந்தப் பக்கத்துச் சந்தடியில் அந்தப் பக்கத்து வெள்ளைக் கொடியை அவன் பார்த்திருக்கவில்லை. பந்தைப் புல்லில் வைத்தான். கையைச் சட்டையில் துடைத்தான். தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தான்.

டிம்ப்னாவும் அவனையே பார்த்தாள். "தட்டுடா கண்ணு" என்று முணுமுணுத்தாள். "மேலே தட்டிடு, சமம், மறு ஆட்டம்..." யார் என்ன சொன்னாலும் இன்னொரு ஞாயிறு கிடைக்கும்.

பக்கத்தில், இத்தனை நேரமாக மேனஸின் வாயில் உருண்டுகொண்டிருந்த மிட்டாய் நின்றுவிட்டது. அவன் ஓரனைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ட்ரம்கீல் ஊரார் எல்லோரும் தலையில் கைவைத்து நின்றார்கள். ஒருவரும் மேட்டைப் பார்க்கவில்லை.

ஓரன் இரண்டே அடி பின்னால் எடுத்துவைத்தான். மெல்லத் தட்டுகிறவன் எடுத்துவைக்கிற அடி.

"டிம்ப்னா."

"என்னய்யா இப்ப!"

"கையில என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். பதினான்கு.

அவள் ஏணியில் ஏறினாளா, பறந்தாளா என்று கேட்டால் நாய்தான் சொல்ல வேண்டும். பதின்மூன்றைப் பிடுங்கி எறிந்தாள். அது கல்லறை மதிலில் மோதி மணிபோல் ஒலித்தது. ஆணியில் பதினான்கை அறைந்தாள். "ஓரன்! டேய் ஓரன்! ரெண்டுடா! ரெண்டு!"

சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் எண் மாறியது தெரிந்தது. பந்தை நோக்கி ஒரு கால் எடுத்துவைத்தவன் நின்றான். திரும்பி நடந்தான். பின்னால், இன்னும் பின்னால் போனான். கூட்டத்துக்கு விஷயம் புரிந்ததும் எழுந்த சத்தத்தில் மதில் மேலிருந்த காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. ட்ரம்கீல் அணி முழுவதும் கோல் கோட்டில் தோளோடு தோள் ஒட்டி நின்றது. ஓரன் ஓடிவந்து, மேலே அல்ல, கீழே, பால் லாரிக் கதவை எட்டி உதைக்கிறவன்போல் உதைத்தான். பந்து ஒருவன் முழங்காலில் பட்டு, இன்னொருவன் கைக்கடியில் புகுந்து, வலையைத் தூக்கியது.

பச்சைக் கொடி. கோல். உடனே நீண்ட விசில்.

ஒரு புள்ளியில் க்ளூன்பெக். எண்டா தொப்பியை ஏரிப் பக்கமாக எறிந்தார். பங்குத்தந்தையை யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் சேற்றில் முட்டிபோட்டு அழுதார்கள். ஓரன் எங்கே என்று தெரியவில்லை; ஒரு கால் மட்டும் கூட்டத்துக்கு மேலே தெரிந்தது.

மேட்டில் டிம்ப்னா ஏணியிலிருந்து இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கோல் ஆணியில் இன்னும் பழைய ஒன்றுதான் தொங்கியது.

"ரெண்டை மாட்டணும்" என்றான் மேனஸ். "பலகை தப்பா நிக்குது."

அவள் படியை விட்டு எழவில்லை. "அந்தப் பதினாலை ஏன்யா சொன்னே?" என்றாள்.

"எண்ணைச் சரிபார்க்கத்தானே அனுப்பினாங்க." அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "இனி நான் ஊருக்குள்ள எப்படிப் போறது, எனக்கே தெரியல."

டிம்ப்னா குவியலில் இருந்து இரண்டாம் எண் தகரத்தை எடுத்தாள். துப்பி, கோட்டின் கையால் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அவனிடம் நீட்டினாள்.

"நீ ஏறு."

"நானா? புது இடுப்பும்மா இது."

"ஏறுய்யா. நான் புடிச்சுக்கிறேன்."

ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டு, தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேனஸ் டோலன் தன் ஊரின் தோல்வியை மாட்ட ஒவ்வொரு படியாக ஏறினான். கீழே டிம்ப்னா கண்ணை மூடிக்கொண்டு, படியில் கன்னத்தை வைத்து, ஏணியின் இரண்டு காலையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.