மாமா பரீட்சை எழுதப் போன நாள்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் கடலூர் ஜெயிலில் படித்து வாங்கியது. வாங்கியவர் என் தாய்மாமா. கீரப்பாளையத்தில் ஒரு வரப்புத் தகராறில் மண்வெட்டியை ஓங்கினார், ஓர் உயிர் போனது, ஆயுள் தண்டனை. உள்ளே போனபின் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தார்.

மாமா எங்கே என்று பள்ளியில் கேட்டவர்களுக்கு நான் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தேன். பரங்கிப்பேட்டைச் சிநேகிதனின் வாப்பா அங்கே இருந்தார். என் பங்குக்கும் ஒருவர் வேண்டியிருந்தது.

கடைசிப் பரீட்சைக்கு மாமாவை அண்ணாமலை நகரிலிருந்த கல்லூரிக்கே கூட்டிவந்தார்கள். அம்மா அங்கே ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தாள்; அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது. தயிர்சாதத் தூக்கை என் கையில் கொடுத்தாள்.

"குடுத்துட்டு ஓடியாந்துடாத. மாமா உள்ள போறவரைக்கும் நின்னு பாரு. ஜெயில்ல மனு போட்டுப் பாத்தப்ப அவரு கேட்டது அது ஒண்ணுதான்."

வழியில் சிநேகிதன் ஒட்டிக்கொண்டான். வேனிலிருந்து மாமா இறங்கினார், இரண்டு பக்கமும் போலீஸ். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"மருமவனே!"

"டேய், யார்ரா அது? ஒன்னத்தான் கூப்புடுறாரு."

"எவனோ கைதிடா. வேற யாரையோ கூப்புடுறான்."

மாமாவுக்குக் கேட்டுவிட்டது. "ஆள் மாறிப்போச்சு சார், போலாம்" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு நடந்தார். தயிர்சாதத்தை நாங்கள் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். மாமாவிடம் கொடுத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம் சொன்னார்: "சோறு நல்லா இருந்துச்சுக்கா. ஊறுகாதான் கொஞ்சம் ஜாஸ்தி." என்னைவிடக் கெட்டிக்காரப் பொய்க்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதலையாகி வந்த மாமாவிடம் கை ஓங்கும் பழைய கோபம் இல்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். "கேள்விய முழுசாப் படிக்காம பதில் எழுதக் கூடாது மருமவனே. உள்ள கத்துக்கிட்டது" என்பார். நெல் மண்டியில் வேலை பார்த்து என்னை எம்.ஏ. வரை படிக்கவைத்தார். நான் கல்லூரியில் பாடம் நடத்திப் பிழைத்தது அவர் போட்ட பிச்சை. தயிர்சாதத்தைப் பற்றி அவர் கேட்டதேயில்லை. அவர் இருந்தவரை நானும் சொல்லவில்லை.

சோறு கொடுக்கத்தான் அம்மா என்னை அனுப்பினாள் என்று அன்று நினைத்தேன். ஜெயில்காரன் என்று ஊர் சொல்லும் மாமா ஒரு கல்லூரிக்குள் நடந்து போவதை நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். பார்த்தேன்தான். என் கண்ணில் பட்டது இரண்டு போலீஸ்காரர்கள் மட்டும்.