இடது பக்கம் சாயும் பாட்டு

என் அக்காவின் கணவர் பாட்டுகளை மிக்ஸ் பண்ணுகிறவர். டிரம், பாஸ், பாடகன் கத்தியது என்று தனித்தனியாக வந்து சேர்ந்ததை எல்லாம் ஒன்றாக்கி, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று பார்த்து வைக்கிற வேலை. பாட்டு நன்றாக வந்தால் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்றே யாருக்கும் தோன்றாது. நன்றாக வராவிட்டால் முதல் திட்டு இவருக்குத்தான்.

நான் சலூன் வைத்திருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்பாள் அக்கா. தொழில் அப்படி. மாமா எனக்கு நேர் எதிர். வீட்டில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் என்னோடு பேசவே மாட்டேன் என்கிறார் என்று அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். பிறகுதான் தெரிந்தது, அவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாடிக் குழாயில் சொட்டும் தண்ணீரையும் தெருவில் போகும் வண்டியையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எலக்ட்ரீஷியனாக ஆரம்பித்தவர் அவர். டயர் கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு ஒயர் மாற்றப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் முள்கள் மேல் கெட்டிக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுவார். கண்ணால் பார்த்து மிக்ஸ் பண்ணுகிறவன் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகட்டும், இங்கே காது சொல்வதுதான் தீர்ப்பு என்பார். அந்தக் காதை நம்பித்தான் அக்கா வீட்டில் உலை கொதித்தது.

அந்தப் பாதாள அறைக்குத்தான் ஒரு நாள் ஒல்லிப் பையன் ஒருவன் பழைய லேப்டாப்போடு வந்தான். ஹிப்ஹாப் பண்ண வேண்டும் என்றான். மாமா அவனைத் தம்பி என்றார், அவன் இவரை அண்ணே என்றான். இன்றைக்கு அவன் முகம் இல்லாத சுவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். பத்திரிகைகள் அவனை மேதை என்கின்றன. நானும் அப்படியே சொல்கிறேன், ஆனால் என் வாயில் அது வேறு மாதிரி வரும். ஆல்பம் எதை எடுத்தாலும் இசை, மிக்ஸ், தயாரிப்பு எல்லாவற்றுக்கும் அவன் பெயர் ஒன்றுதான். மிக்ஸ் பண்ணியது மாமா. தன் பெயரைப் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை, அவன் போடவில்லை.

அவனுக்குப் புகழ் வந்ததே ஒரு சாய்வினால்தான். அவன் பாட்டை ஹெட்போனில் கேட்டால் டிரம் இடது காதைக் கடிக்கும். மொத்தப் பாட்டும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், விழப் போகிறோம் என்று நினைக்கிற நேரத்தில் தாங்கிக்கொள்ளும். கேட்பவனுக்குத் தலை தானாக ஆடும். என் கடையில் பாதி முடி வெட்டிய தலையோடு பையன்கள் இதற்காக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன், உலகத்தில் இவனைப் போல யாரும் இல்லை என்பான். இன்னொருவன், எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணுகிற வேலை, இவன் வெறும் பந்தா என்பான். கத்தி என் கையில் இருந்ததால் இரண்டு பேரும் அசையாமல் சண்டை போடுவார்கள்.

சாய்வைப் பற்றி மாமாவிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். நான் நேராகத்தான் பண்ணிக் கொடுக்கிறேன், அதற்கப்புறம் தம்பி ஏதோ செய்துகொள்கிறான் போல, எனக்கென்னவோ எப்போது கேட்டாலும் நேராகத்தான் கேட்கிறது என்பார். நாங்கள் சிரிப்போம்.

அப்புறம் அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தார். இடது காதுக்கு மாற்றியதும் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அக்கா, மெஷின் கெட்டுவிட்டதா என்று என்னைக் கேட்டாள்.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. புற்று இல்லை. ஆனால் பல வருஷமாக மெல்ல வளர்ந்திருக்கிறது. எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் இடது காது மொத்தமாகப் போய்விடும். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். நல்ல மனுஷி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும் என்றார் மாமா. போனதும் மீட்டரை மூடியிருந்த காகிதத்தைக் கிழித்தார். மேதையின் ஆல்பங்களை, தான் பண்ணிக் கொடுத்தபடியே, வரிசையாகப் போட்டார். முதல் ஆல்பத்தில் இடது, வலது இரண்டு முள்ளும் சேர்ந்தே ஆடின. போகப் போக இடது முள் முந்தியது. புது ஆல்பத்தில் அது சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. காது மங்க மங்க, தனக்கு நேராகக் கேட்கும் வரை இடது பக்கத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன். உலகமே கொண்டாடும் சாய்வு அதுதான்.

இன்னொருவன் நோயில் பேர் வாங்கியவன் மேதையா என்று குதித்தேன். மாமா குதிக்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒற்றைக் காதுக்காரனை எவன் கூப்பிடுவான், இந்த ஆல்பம்தான் கடைசி, அதிலாவது என் பெயர் வர வேண்டும், போய்க் கேட்கிறேன் என்றார். வாழ்நாளில் எதையும் கேட்காத மனுஷன். அக்கா என்னைத் துணைக்கு அனுப்பினாள், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்ற உத்தரவோடு.

மேதை அன்றைக்கு அதே பாதாள அறைக்கு வந்திருந்தான். மாமாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். தன் நாற்காலியை இழுத்து அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தான். மாமா எல்லாவற்றையும் சொன்னார். கட்டியை, ஆபரேஷனை, முள் முந்தியதை. அவன் முகம் எப்போது விழும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கட்டி என்றபோது மட்டும் முகம் வெளுத்தது.

"சாய்வு உங்க காதால வர்றதுன்னு எனக்குத் தெரியும்ணே."

எப்போதிலிருந்து என்று மாமா கேட்டார். மூன்றாவது ஆல்பத்திலிருந்து என்றான். முதலில் தப்பு என்று நினைத்து, வேறு ஒருவரிடம் கொடுத்து நேராக்கிக் கேட்டிருக்கிறான். பாட்டு செத்துக் கிடந்ததாம். மாமா பண்ணியதையே திரும்ப எடுத்துக்கொண்டானாம். அடுத்த ஆல்பத்தில் சாய்வு கூடியிருந்தது.

"ஒரு நாள் உங்க இடது பக்கம் நின்னு கூப்பிட்டேன். நீங்க திரும்பல. வலது பக்கம் வந்து அதே மாதிரி கூப்பிட்டேன், உடனே திரும்பிட்டீங்க. அன்னைலருந்து நான் இந்தப் பக்கந்தான் உக்கார்றேன்."

மாமா அந்த நாற்காலியையே பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லியிருந்தா நீங்க நேரா பண்ணியிருப்பீங்க."

திமிராகச் சொன்னான் என்று எழுத எனக்கு ஆசைதான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். கட்டி என்று நினைக்கவில்லை, வயதானால் வருகிற மந்தம் என்று நினைத்தேன் என்றான். பிறகு, புது ஆல்பத்தில் உங்கள் பெயரைப் போடுகிறேன், என் பெயருக்கு மேலேயே போடுகிறேன் என்றான். நாங்கள் கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது.

மாமா எழுந்து சட்டையை நீவிக்கொண்டார்.

"வேண்டாம்பா. அத நான் பண்ணல. என் தலைக்குள்ள இருக்கற கட்டி பண்ணிச்சு. நல்லா இருக்குன்னு கேட்டு எடுத்தது நீ."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். அக்காவின் உத்தரவு படிக்கட்டு வரைக்கும்தான் தாங்கியது. இவனெல்லாம் மேதையா, மண்ணாங்கட்டி, ஊரைக் கூட்டி இவன் சாயத்தை வெளுக்கிறேன் பாருங்கள் என்றேன். மாமா நடுப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்படிச் சொல்லாத மாப்ள. அவன் மேதைதான். டாக்டரு மெஷின் வச்சுக் கண்டுபிடிச்சத, அவன் அத்தன வருஷம் முன்னாடி பாட்டுலயே கேட்டிருக்கான்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் தோளைத் தொட்டேன்.

"பேர அவனே வச்சுக்கட்டும்டா," என்றார். "எனக்கு என் காது வேணும்."