மலையூர்க் காவற்கோபுரத்தில் பிலோமினா அக்கா

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்படச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து ஆன் பேசினாள்.

"ராணி, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா."

"எப்ப?"

"இப்பதான், பின்னேரம். நான் பக்கத்திலை இருந்தனான். நோவு ஒண்டும் இருக்கேல்லை."

ஒரு சப்பாத்தோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனின் மூத்த சகோதரி பிலோமினா அக்காவை, ஹவுன்ஸ்லோ மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்பதுகளின் நடுவில் நான்கு வருடங்கள் எங்களோடு இருந்தவர். மன்னார்க்காரி. உயரம், ஒல்லி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. பாட்டு முடிந்த பிறகும் ஒரு வரி தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் பழக்கம் விமானச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் தொடங்கியது. இலங்கையில் அவர் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவர். இங்கே மெஷின் பட்டியில் ஓடிவரும் தட்டுகளில் கரண்டியும் பணிஸும் வைத்தார். எல்லோரும் எறிந்துவிட்டுப் போகிற கரண்டியை அவர் நிமிர்த்தி வைப்பார். பட்டி நின்றுபோகும். மேற்பார்வை பார்க்கிற மனுசி கத்துவாள். "அக்கா, விடுங்கோவன், மேலை போனா எல்லாம் குலுங்கும்தானே" என்றேன் ஒருநாள். "மேலை போய்க் குலுங்கட்டும் பிள்ளை. இஞ்சையிருந்து நேராப் போகட்டும்" என்றார். மூன்றாம் மாதம் அவரைப் பட்டியிலிருந்து எடுத்துப் பெயர்த்துண்டு எழுதும் மேசையில் போட்டார்கள். அச்சடித்தது போன்ற அவருடைய எழுத்தைப் பார்க்க விமானக்காரர்களே வந்தார்கள்.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அவருடைய அகதி விசாரணைக்குத் துணையாகப் போனவள் நான். அதிகாரி விரித்த வரைபடம் சிறியது, அக்காவின் ஊர் அதில் இல்லை. அக்கா ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். கடற்கரை, தாம்போதி, குளம், கோயில், அவருடைய வீடு எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் போட்டார். வடக்குத் திசைக்கு அம்புக்குறி, மூலையில் அளவுத்திட்டம். அதிகாரி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார். கடைசியில், வீட்டைச் சோதனை போட வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அக்கா யோசித்துவிட்டு, தெரியாது என்றார். வெளியே வந்ததும் எனக்குக் கோபம்.

"பத்துப் பேர் எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா. ஆர் எண்ணப் போகினம்?"

"நான் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான், ராணி. கண்டது ஆறு சப்பாத்து. அதை வைச்சுப் பத்துப் பேரை என்னெண்டு செய்யிறது?"

விசாரணையின் முடிவு வராமல் வருடக்கணக்கில் இழுபட்டது. அதற்குள் தங்கை ஆன் அவரை அவுஸ்திரேலியாவுக்கு எடுத்துவிட்டாள். ஆன் அங்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் தாதி. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு மேலே, ஒரு பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களும் செம்மறி மேய்ச்சலும், மற்றப் பக்கம் அரசாங்கம் நட்ட பைன் காடு. நடுவில் ஒரு தெரு, ஒரு மர ஆலை. ஊரின் பெயர் அக்காவின் வாயில் நுழையவில்லை. கடிதங்களில் "மலையூர்" என்றே எழுதினார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த ஊரில் மலை உச்சியில் ஒரு கோபுரம் உண்டு. கோடை மாதங்களில் ஒருவர் காலையிலிருந்து பொழுதுபடும்வரை அதன்மேல் இருந்து காட்டைப் பார்க்க வேண்டும். புகை கண்டால் அது எந்தத் திசை, எத்தனை பாகை, எவ்வளவு தூரம் என்று அளந்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். தனியாக இருக்க ஊரில் ஆள் கிடைக்காமல் இருந்தபோது, ஐம்பத்தொரு வயதில் அக்கா போய்க் கேட்டிருக்கிறார். உயரத்துக்குப் பயமா என்று காட்டிலாகா மேலதிகாரி கேட்டாராம். உயரத்துக்குப் பயமில்லை, குளிருக்குத்தான் என்றாராம் இவர். பேசுவது போலவே கடிதம் எழுதுகிறவர் அவர். "சீலையோடை ஏணி ஏற ஏலாது. காற்சட்டை போட்டிட்டன். ஆன் படம் எடுத்து அனுப்புறாள். ஒருத்தருக்கும் காட்டிப்போடாதை." நான் காட்டவில்லை. ஆனால் அந்தப் படம் வந்த கிழமை முழுவதும் எனக்கு வேலையில் அலுப்புத் தெரியவில்லை.

இரண்டாவது கோடையில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. கையெழுத்தே கோணியிருந்தது.

"தூசி எண்டு நினைச்சிட்டன், ராணி. அந்தப் பக்கம் கிழங்கு கிண்டுற மெஷின் ஓடினது. செம்மண் தூசி எப்பவும் அப்பிடித்தான் எழும்பும். பதினைஞ்சு நிமிசம் பாத்துக்கொண்டு இருந்தனான். பிறகுதான் நிறம் மாறினது."

கென் என்ற கிழங்குத் தோட்டக்காரருடைய வைக்கோற் கொட்டில் எரிந்துபோனது. அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம். உள்ளே அவருடைய கிழட்டுப் பெண்குதிரை கட்டியிருந்தது. மனைவி செத்த பிறகு அவர் வீட்டில் இருந்த ஒரே துணை அதுதான் என்று ஊரில் சொன்னார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் யாருக்கும் தெரியாது. நெருப்பு வேகமாக ஓடிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அக்கா அதைக் கோபுரத்துக் கொப்பியில் எழுதிவிட்டு மேலதிகாரியிடமும் சொன்னார். போனது போகட்டும், வெளியே சொல்லாதே என்றார் அவர். மறுநாள் காலை அக்கா கென்னின் வீட்டுக்கு நடந்துபோய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டார். கென் கதவைச் சாத்தினார். அதன்பிறகு தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போனார். கோயிலில் அக்கா இருக்கிற மர வாங்கிலிருந்து எழுந்து பின்னுக்குப் போனார். மூன்று வருடம்.

நான் அங்கே போனது தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு தை மாதம். அந்த மூன்று கிழமைதான் என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நீண்ட லீவு. காலையில் மர லொறிகள் வீட்டைக் குலுக்கிக்கொண்டு போகும். தெரு முழுக்க வெட்டிய பைன் மரத்தின் பிசின் மணக்கும். மழை பெய்தால் கிழங்கு வயலின் மண் இரத்தச் சிவப்பாக மாறும். ஊரார் அக்காவை "பில்" என்று கூப்பிட்டார்கள். "ஆம்பிளைப் பேர் வைச்சிட்டாங்கள்" என்று சிரிப்பார். முருங்கை நட்டு நட்டு மூன்று முறை உறைபனியில் பட்டுப்போய், கைவிட்டிருந்தார். கோபுரத்துக்கும் கூட்டிப்போனார். பாதி ஏணியில் என் கால் நின்றுவிட்டது. "கீழை பாராதை, என்ரை காற்சட்டையைப் பார்" என்று மேலிருந்து சொன்னார். மேலே ஒரு வட்ட மேசை, அதில் ஒட்டிய வரைபடம், சுழற்றிக் குறிபார்க்கிற ஒரு கருவி. எல்லாத் திசையிலும் மலை. இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கதைத்துக்கொண்டே கண் சுற்றிவரும்.

நான் நின்ற இரண்டாம் ஞாயிறு மழை, கோபுரத்தில் வேலை இல்லை. பூசை முடிய, ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம். அக்காவை எடுத்துவிட்டு, ஆலையில் ஓய்வுபெற்ற ஒருவரைக் கோபுரத்தில் போட வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். வயர்லெஸ்ஸில் அவருடைய ஆங்கிலம் விளங்கவில்லை என்பது குறை. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. ஒருவர் அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்துவிட்டுத்தான் பேசினார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது.

அப்போது பின்வரிசையில் ஒரு கிழவர் எழும்பினார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். எழும்பியவர்தான் கென் என்று அதிலேயே விளங்கியது. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"என்னுடைய கொட்டில் எரிந்த அன்று இவள் பதினைந்து நிமிடம் பிந்தினாள். உங்களில் யாருக்கும் அது தெரியாது. இவளே வந்து சொன்னதால் எனக்குத் தெரியும். நான் இவளை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் இவள் புகை என்று சொன்னால் அது புகை. தெரியாது என்று சொன்னால் தெரியாது. நான் சந்தைக்குப் போகிற நாளில் இவள் மேலே இருக்க வேண்டும். இங்கிலீசு விளங்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு தலைமை தாங்கியவர் தேநீர் தயார் என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சென்ற கோடை முடியும்வரை அக்காதான் அந்தக் கோபுரத்தில் இருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் துள்ளிக்கொண்டு வந்தேன். அக்கா பாலத்தடியில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டனியே, ராணி? மன்னிக்கேல்லை எண்டு சொன்னவர்."

"அதை விடுங்கோ அக்கா. உங்களுக்காகத்தானே கதைச்சவர்."

"அதுதான். எனக்காகக் கதைக்கேக்கையும் அதை மறைக்கேல்லை. அவர் நல்ல மனுசன். அந்தக் குதிரைக்குப் பேர் டெய்சி." அக்கா அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அடக்கத்துக்குப் பிறகு ஆன் மறுபடி பேசினாள். கென் வந்தாரா, ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. குழி வெட்டேக்கையே வந்திட்டார். எல்லாரும் போன பிறகும் நிண்டவர்" என்றாள்.

போன வருடம் சமையற்கூடத்தில் ஒரு காரியம் நடந்தது. இப்போது நான்தான் அங்கே மேற்பார்வை பார்க்கிறேன். ஒரு விமானத்துக்கான சைவச் சாப்பாட்டுப் பெட்டிகளில் நான் பெயர்த்துண்டை மாறி ஒட்டிவிட்டேன். வண்டி ஓடுபாதைப் பக்கம் போன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் செய்தேன் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மேலாளரின் அறை என் மேசையிலிருந்து இருபது அடி இருக்கும். பொய்கள் ஒவ்வொன்றாக வாயில் வந்து நின்றன. நடந்துபோய்ச் சொன்னேன். விமானம் பிந்தியது, ஏச்சு விழுந்தது, எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. யாரும் என்னைப் பாராட்டவில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு சனம், தான் கேட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டது.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இருபது அடிதான். அதை நடக்கிற துணிவு எனக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கும் பயந்துதான் நடந்தேன். அடுத்த முறையும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நடப்பேன்.