பள்ளித் தட்டில் மூன்று இட்லி

நீல நிறக் கையுறை போட்ட ஒரு கை, பொடி தடவிய இட்லியை எவர்சில்வர் டப்பாவிலிருந்து எடுத்துப் பள்ளியின் காகிதத் தட்டில் வைத்தது. மூன்று இட்லி. தட்டின் ஓரத்தில் ஒரு பால் பாக்கெட்டையும் வைத்துவிட்டு, காலி டப்பாவை மூடி ஒரு சிறுமியின் பைக்குள் தள்ளிவிட்டு அந்தக் கை அடுத்த மேஜைக்குப் போய்விட்டது. சிறுமி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அமெரிக்காவில், நியூஜெர்சியின் பார்சிப்பனியில் ஒரு தொடக்கப்பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில், தூண் ஓரமாக நின்று நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததோடு போயிருக்கலாம். அந்தப் புத்தி அன்று எனக்கு இல்லை.

கைக்குச் சொந்தக்காரரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தூத்துக்குடிக்காரர். அங்கே கான்வென்ட் பள்ளி ஒன்றில் எட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவரின் விசாவில் இங்கே வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாமல் பல வருடம் வீட்டுக்குள் இருந்தார். அனுமதி வந்ததும் முதலில் கிடைத்தது இந்த லஞ்ச் எய்டு வேலை. மதியம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். பால் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், சிந்தினால் துடைக்க வேண்டும், சண்டை வந்தால் விலக்க வேண்டும். எந்தப் பிள்ளை எதை மிச்சம் வைக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பள்ளி கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே காய்கறிக் கடைக்கும் வருவார். கேட்டால் கழற்ற மறந்துவிட்டேன் என்பார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் அந்தக் கூடத்துக்குள் வேறு தோரணையில் நுழைந்தவள். சென்னையில் சத்துணவியல் படித்து, இங்கே வந்து மறுபடியும் முதலிலிருந்து படித்து, பரீட்சை எழுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உணவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்திருந்தேன். என் முதல் திட்டம் ஸ்டிக்கர். வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டு டப்பாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒன்று ஒட்டுவேன். எதற்கு எந்த நிறம் என்று ஓர் அட்டவணை இருந்தது. வாரக் கடைசியில் எந்த வகுப்புக்குப் பச்சை அதிகமோ, அந்த வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கூடுதல் விளையாட்டு நேரம். பள்ளி தரும் தட்டுக்கு ஸ்டிக்கர் கிடையாது, அது எப்போதும் பச்சைக் கணக்கு. அரசாங்க விதிப்படி செய்த சாப்பாடு என்பதால் அதைக் கேள்வி கேட்க முடியாது. பீட்சாவின் அடிப்பாகம் முழுக்கோதுமை, மேலே தடவியது தக்காளி. ஆகவே பீட்சா பச்சை. இதை நான் ஒரு சிரிப்பும் இல்லாமல் பெற்றோர் கூட்டத்தில் விளக்கியிருக்கிறேன்.

முதல் நாள் ஒரு பையனின் சப்பாத்தி, பருப்புக்குப் பச்சை ஒட்டினேன். உதவிக்கு வந்திருந்த ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, உனக்கு இது பிடிக்காமலா போகும் என்றார். அதில் விஷம் எதுவும் இல்லை, சும்மா சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நம் ஊர் டப்பாக்களை மற்ற டப்பாக்களைவிட உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். தயிர்சாதம், வெள்ளை அரிசி, சிவப்பு. எலுமிச்சை சாதம், சிவப்பு. இட்லி, வெள்ளை அரிசி, மேலே கண்ணுக்குத் தெரியும் எண்ணெய், சிவப்பு. புளிக்கவைத்த மாவின் நன்மைகளைப் பற்றிக் கல்லூரித் தேர்வில் நான்கு பக்கம் எழுதி வாங்கிய பட்டம்தான் என்னுடையது. அதெல்லாம் அட்டவணையில் இல்லையே. பள்ளி முதல்வர் ஒருநாள், உன்னிடம் பாரபட்சமே இல்லை என்று பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

அந்தச் சிறுமி நான்காம் வகுப்பு. அவளுடைய அம்மா ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், காலையில் ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவார். அதனால் வாரத்தில் நான்கு நாள் இட்லியும் பொடியும்தான், நான்கு நாளும் சிவப்புதான். அவளால் வகுப்பே இரண்டு வெள்ளிக்கிழமை விளையாட்டை இழந்தது. பிள்ளைகள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் டப்பாவைத் திறந்தால் மேஜையோடு ஒரு பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். அவள் டப்பாவைத் திறப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அக்காதான் அதை முதலில் கவனித்தார். பிள்ளைகள் போன பிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் பேச்சைத் தொடங்கினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பிள்ள இப்பம் டப்பாவத் தொறக்கவே மாட்டேங்கு. கேட்டா ஐயம் நாட் ஹங்ரிங்கு. பசிக்காம எப்பிடி இருக்கும்?"

"இது ஒரு ப்ராசஸ் அக்கா. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். அவங்க அம்மாவுக்கு ஹேண்ட்-அவுட் அனுப்பியிருக்கேன். பிரவுன் ரைஸ்ல ட்ரை பண்ணச் சொல்லியிருக்கேன்."

"இட்லிக்கா மேடம்? வெள்ளக்காரங்க ஒட்டுனாத் தெரியாம ஒட்டுதாங்கன்னு விட்டுரலாம். நீங்க நம்ம ஊருதானே."

நான் எதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தேனோ அதையே அவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இதெல்லாம் நிபுணர்கள் முடிவு செய்தது என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். தமிழில் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதைப் போல ஓர் அடி வேறு கிடையாது, அது தெரிந்துதான் செய்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் தூண் ஓரத்தில் நின்று நான் பார்த்தது. பள்ளித் தட்டுக்கு ஸ்டிக்கர் இல்லை என்ற என் விதியையே எடுத்து, அந்தத் தட்டில் வீட்டு இட்லியை வைத்துவிட்டார் கணக்கு டீச்சர். எத்தனை நாளாக நடந்ததோ தெரியாது. இப்போது நினைத்தால் அவருடைய சாமர்த்தியத்துக்குக் கைதட்டத் தோன்றுகிறது. அன்று தோன்றியது, என்னை முட்டாளாக்கிவிட்டாள் என்பது ஒன்றுதான்.

முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எய்டுகள் பிள்ளைகளின் வீட்டுச் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக வைத்த விதி. பொடியில் எள் இருக்கிறது, நல்லெண்ணெய் இருக்கிறது, அதே கையுறையோடு அடுத்த பிள்ளையின் பால் பாக்கெட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். விதி சரியானதுதான், அதனால்தான் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள் அக்கா என்று நேரில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும் விஷயம். பெயரை நான் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, கையுறைக்குள் வளையல் போட்ட எய்டு அந்தப் பள்ளியில் ஒருவர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அலுவலக மேஜையில் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவர், கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து நின்றார். கழுத்து வெறுமையாக இருந்தது.

"யாரோ பேரன்ட் கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டாங்க போல மேடம். சரி, ரூல்னா ரூல்தானே. வாறேன்."

"அப்படியா அக்கா," என்றேன். இத்தனை வருடத்தில் எழுதிய, பேசிய எல்லாவற்றையும்விட அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் என்னை எனக்குப் பிடிக்காமல் போனது.

பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. சிறுமி தினமும் பள்ளிப் பீட்சாவுக்கு மாறினாள். வகுப்புக்கு விளையாட்டு நேரம் கிடைத்தது. திட்டம் வெற்றி என்று நான் அறிக்கை கொடுத்தேன், அதை இன்னும் இரண்டு பள்ளிகளில் தொடங்கினார்கள். பொங்கல் விழாவில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புண்ணியத்துல எங்க வீட்டுல இப்ப இட்லியே செய்யறதில்லங்க, எவ்வளவு டைம் மிச்சம்," என்றார். நன்றாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதே அம்மா போன வருடம் என் வீட்டுக்கு வந்தார், அப்போது சிரிப்பு இல்லை. மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். எதை வாயில் வைப்பதற்கு முன்னும் உறையில் அச்சடித்திருக்கும் கலோரிக் கணக்கைப் படிக்கிறாள். படித்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறாள். கல்யாணத்துக்குப் போனால் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். வாரம் ஒருமுறை ஒரு டாக்டரிடம் போகிறார்கள். "நீங்க வந்து பேசுங்களேன்," என்றார் அந்த அம்மா. "சின்ன வயசுலேருந்து சாப்பாட்டு விஷயத்துல நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா." நான் போனேன். நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள், மரியாதையாக, ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓகே ஆன்ட்டி என்று. நான் கொண்டுபோன பழத்தை நான் கிளம்பும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

ஸ்டிக்கர்களை இப்போது யாரும் ஒட்டுவதில்லை. நல்ல உணவு, கெட்ட உணவு என்று பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்லக் கூடாது என்று புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. அதையும் நான்தான் நடத்துகிறேன். புளிக்கவைத்த உணவுகள் என்ற பக்கத்தில் இட்லியின் படம் இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது வகுப்பில் உள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள், எங்கள் வீட்டிலும் செய்வார்கள் என்கிறார்கள். வெரி குட் என்கிறேன்.

போன மாதம் இந்தியக் கடையில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் விண்ணப்பிக்கவில்லை என்றார். கேட்டால் பழைய இடத்தில் ஏன் விட்டாய் என்பார்களாம், அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததாம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுக்கும் பொறுப்பை மட்டும் பார்த்துக்கொள்கிறாராம். என் வேலையைப் பற்றி விசாரித்தார், என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கிளம்பும்போது தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மேடம், அந்தப் பிள்ள இப்பம் நல்லாச் சாப்புடுதா? அன்னைக்குப் பாதியில விட்டுட்டு வந்துட்டமேன்னு எனக்கு மனசுக்குள்ளயே கெடக்கும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் மின்னஞ்சலையும் சொல்லவேண்டி வரும்.

"நல்லா சாப்பிடுறா அக்கா. நல்லா இருக்கா," என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சு விட்டார்.

"நல்லவேள. அப்பம் நாந்தான் விவரம் தெரியாம பயந்துருக்கேன். நீங்க செஞ்சதுதான் சரி மேடம்."

அவருடைய அரிசிப் பையைக் கார்வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன்.