பிரேக் வேனுக்கு வைத்த கட்டை

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. ஆண்டிபட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்து, பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டி, எங்களைப் படிக்க வைத்தவர். அதிர்ந்து பேசாதவர். இதெல்லாம் உறவினர்கள் அறிந்ததே. அறியாத ஒன்றை இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். "நல்லத மட்டும் எழுதும்மா, ஊரு சிரிக்கும்" என்றார் அண்ணன். சிரிக்கட்டும்.

மீட்டர்கேஜ் காலத்தில் அப்பாவுக்குத் தண்டவாளப் பராமரிப்பு வண்டியில் வேலை. வண்டியின் கடைசியில் கோத்திருக்கும் பிரேக் வேனில்தான் சமையல், படுக்கை எல்லாம். சரிவில் அதைக் கழற்றித் தனியே நிறுத்தினால், கைபிரேக்கைச் சுற்றி இறுக்கி, சக்கரத்துக்கு மரக்கட்டையும் அண்டை கொடுக்க வேண்டும். அன்று கணவாய்ச் சரிவில் கட்டை வைப்பது மாமாவின் பொறுப்பு. மாமா என்று நாங்கள் அழைப்பது அப்பாவின் கூட்டாளியை, ஜெயமங்கலத்துக்காரர்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஜல்லி சுட்டது. உட்காருவதற்காக அப்பா அந்தக் கட்டையை உருவிக்கொண்டு போனார். கைபிரேக் இருக்கிறதே என்ற நினைப்பு. சரிவில் அது மட்டும் பிடிக்கவில்லை; வேன் நகர்ந்தது. அதன் நிழலில் தண்டவாளத்தின் மேல் கால் நீட்டிக் கண்ணயர்ந்திருந்த மாமாவின் வலது கால் போயிற்று.

அப்பா கட்டையை உருவியதை யாரும் பார்க்கவில்லை. கட்டை வைக்கவில்லை என்று பழியும் மாமா மீதே விழுந்தது. "வெச்சதா நெனப்பு, மறந்துட்டேன் போல" என்று அவரே ஒப்புக்கொண்டார். வேலையும் போயிற்று. தன் வேலைக்குப் பயந்து அப்பா வாய் திறக்கவில்லை.

அதன்பின் மாதந்தோறும் அரிசி மூட்டையோடு ஜெயமங்கலம் போய் வருவார். நட்பு என்றால் இதுதான் என்று யாராவது புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "சொல்லத்தேன் போவேன் ஆத்தா. அவுக வீட்ல காப்பி குடுப்பாக. குடிச்சிட்டு வந்துருவேன்." அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வருகின்றன.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதுவரை எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் கட்டைய வெச்சுட்டுத்தேன் போனேனா, ஆத்தா?"

"வெச்சீங்க மாமா."

"எம் மகன் இன்னைக்கும் என்னையக் கவனமில்லாத மனுசன்னுதேன் ஏசுறான். அச்சுல போடு. அவன் படிக்கட்டும்."

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், உறவினர்கள், அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊன்றுகோலோடு மயானம் வரை வந்த மாமாவுக்கும் நன்றி. அப்பாவை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.